மூணே மூணு பெருக்கல்!

ராத்திரி பதினோரு மணிக்கு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று கைதட்டினேன். தனியாகத்தான். தூங்கிக்கொண்டிருந்த மனைவி பதறியடித்து ஓடி வந்து, "என்னங்க, என்ன ஆச்சு?" என்றாள். "நாலு வேண்டாம்மா, மூணு போதும், மூணே மூணு!" என்று கத்தினேன். என் முன்னால் இருந்தது மகளுடைய ரஃப் நோட்டும் குட்டையாகிப்போன ஒரு பென்சிலும்தான். அந்தப் பக்கத்தை இன்னும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

தயவுசெய்து நீங்களும் ஒரு பென்சிலை எடுங்கள். வெறுமனே படித்துக்கொண்டு போனால் இந்தச் சுகம் பாதிதான் கிடைக்கும். 47ஐ 62ஆல் பெருக்கவேண்டும். பள்ளிக்கூடத்தில் எப்படிச் செய்தோம்? நிச்சயதார்த்தத்தில் இந்த வீட்டார் ஒவ்வொருவரும் அந்த வீட்டார் ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொல்வது மாதிரி, 4 போய் 6ஐயும் 2ஐயும் பார்க்கும், 7 போய் 6ஐயும் 2ஐயும் பார்க்கும். மொத்தம் நாலு பெருக்கல். இதில் குறைக்க என்ன இருக்கிறது என்று நாற்பது வருஷமாக நானும் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

இப்போது பாருங்கள். 4×6, 24. 7×2, 14. நிறுத்துங்கள், மீதி இரண்டையும் தொடாதீர்கள்! 4ஐயும் 7ஐயும் கூட்டுங்கள், 11. 6ஐயும் 2ஐயும் கூட்டுங்கள், 8. பதினோரெட்டு எண்பத்தெட்டு. அந்த 88க்குள் நாலு பெருக்கலும் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது, அதில் 24ம் 14ம் நமக்கு ஏற்கெனவே தெரியும், கழித்துவிடுங்கள், 50. அந்த 50தான் நாம் செய்யாமல் விட்ட இரண்டு பெருக்கலின் கூட்டுத்தொகை, நமக்குத் தனித்தனியாகத் தேவையே இல்லாதது, சேர்த்து வந்தால் போதுமானது! 24 நூறு 2400, அதோடு 50 பத்து 500, அதோடு 14. 2914. கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

ஒரே ஒரு பெருக்கல்தானே மிச்சம் என்கிறீர்களா? இரண்டு இலக்கத்துக்கு இது பெரிய லாபமில்லைதான், ஒப்புக்கொள்கிறேன், அதோடு அந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன். ஏனென்றால் எண்ணைப் பெரிதாக்கினால்தான் கூத்தே! நாலு இலக்க எண்ணை நடுவில் வெட்டுங்கள். 1234 என்றால் 12, 34. அதே வித்தை, மூன்று பெருக்கல். அந்த மூன்றில் ஒவ்வொன்றையும் மறுபடி வெட்டுங்கள், ஒவ்வொன்றும் மூன்று. பதினாறுக்குப் பதில் ஒன்பது. எட்டு இலக்கத்துக்கு 64க்குப் பதில் 27. வெட்ட வெட்ட மிச்சத்துக்கு மிச்சம் குட்டி போடுகிறது. 1024 இலக்க எண்கள் இரண்டை நினைத்துப் பாருங்கள், நோட்டுப் பக்கம் பக்கமாக நீளும் எண்கள், பள்ளிக்கூட வழியில் 10,48,576 குட்டிப் பெருக்கல்கள், இந்த வழியில் சுமார் 59,049! பதினேழில் ஒரு பங்குகூட இல்லை! கூட்டல் கழித்தல் கொஞ்சம் கூடும், கூடட்டும், கூட்டல் எப்போதும் மலிவு, எண் இருமடங்கு நீண்டால் கூட்டலும் இருமடங்குதான். பெருக்கல்தான் நாலு மடங்காகப் பூதம் மாதிரி வளரும், அந்தப் பூதத்தைத்தான் இந்த வித்தை மூன்று மடங்கில் கட்டிப்போடுகிறது.

இதைக் கண்டுபிடித்த கதை தெரிந்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே தூக்கம் போனது. 1960, இலையுதிர் காலம், மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஒரு கருத்தரங்கு. பேசுகிறவர் ஆந்த்ரேய் கோல்மகோரோவ், நிகழ்தகவுக் கணிதத்துக்கே அஸ்திவாரம் போட்டவர். n இலக்க எண்கள் இரண்டைப் பெருக்க n வர்க்கம் அளவுக்கு வேலை செய்தே தீரவேண்டும், அதற்குக் கீழே போகவே முடியாது என்பது அவருடைய கணிப்பு. அவர் பக்கம் நியாயம் இருந்தது. மனிதன் ஆயிரக்கணக்கான வருஷமாகப் பெருக்கிக்கொண்டிருக்கிறான், சுருக்குவழி இருந்தால் இத்தனை நாளில் யாராவது கண்டுபிடித்திருக்கமாட்டார்களா? கேட்டுக்கொண்டிருந்தவர்களில் அனத்தோலி கரட்சுபா என்ற இருபத்து மூன்று வயது மாணவர். ஒரு வாரம், ஒரே ஒரு வாரம்! மூன்று பெருக்கலோடு வந்து நின்றுவிட்டார். கோல்மகோரோவ் பரபரத்துப்போனார், தன் கணிப்பு உடைந்துவிட்டதே என்பதால். ஆனால் மறைக்கவில்லை, அடுத்த கூட்டத்தில் தானே அந்த முறையை எல்லோருக்கும் விளக்கினார், விளக்கிவிட்டு அந்தக் கருத்தரங்கையே அத்தோடு முடித்துக்கொண்டார். கேள்விக்குத்தான் பதில் வந்துவிட்டதே! இன்னும் கேளுங்கள், 1962ல் அது கட்டுரையாக வந்தது, கரட்சுபா, யூரி ஓஃப்மன் என்ற இருவர் பெயரில், எழுதிக் கொடுத்தவர் கோல்மகோரோவ். அச்சான பிரதி கைக்கு வந்தபோதுதான் தன் பெயரில் அப்படி ஒரு கட்டுரை இருப்பதே கரட்சுபாவுக்குத் தெரிந்ததாம். தன் கணிப்பைப் பொய்யாக்கிய பையனுக்காக உட்கார்ந்து கட்டுரை எழுதியிருக்கிறார் மனுஷன்! நான் இதைச் சொல்லாத ஆள் கிடையாது, அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரரில் தொடங்கி, பேருந்தில் அடுத்த சீட்டில் இருந்த பெரியவர்வரை, நிறுத்தம் தாண்டிப் போனதுகூடத் தெரியாமல் சொல்லியிருக்கிறேன்.

அது பழங்கதையும் இல்லை. உங்கள் கம்ப்யூட்டரில் பைத்தான் இருந்தால் ராட்சத எண்கள் இரண்டைக் கொடுத்துப் பெருக்கச் சொல்லுங்கள், உள்ளே இறங்கி வேலை செய்வது கரட்சுபாவின் அல்காரிதம்தான். எண்கள் சின்னதாக இருந்தால் பழைய பள்ளிக்கூட வழி, ஒரு நீளத்தைத் தாண்டினால் இவர். நான் என்டர் விசையைத் தட்டியதும் திரை முழுக்க இலக்கங்கள் மளமளவென்று கொட்டின, உடம்பெல்லாம் புல்லரித்தது, அந்த இருபத்து மூன்று வயதுப் பையன் இந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்து வெட்டி வெட்டிப் பெருக்கிக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது!

மறுநாள் சாயங்காலம் மகளுக்குக் காட்டினேன். அவள் 38ஐ 54ஆல் பெருக்கினாள். 15, 32, அப்புறம் 11×9 போட்டு 99, கழித்து 52. 2052! சரியாக வந்ததும் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அப்பா, ரெண்டு பெருக்கல்ல முடியாதா?"

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இதற்கும் கீழே போகமுடியாதா என்ற அதே கேள்வி! இரண்டாக வெட்டினால் மூன்றுக்குக் கீழே முடியாதுதான், ஆனால் மூன்றாக வெட்டினால்? ஒன்பது பெருக்கல் ஐந்தாகிவிடும், ஆந்த்ரேய் தோம் 1963லேயே அந்த வழியைத் திறந்துவிட்டார். 1969ல் வோல்க்கர் ஸ்ட்ராசன் அணிகளின் பெருக்கலில் எட்டை ஏழாக்கினார், 1971ல் ஷோன்ஹாகே என்ற கணிதவியலாளரோடு சேர்ந்து எண்களின் பெருக்கலையும் இன்னும் கீழே இழுத்தார், கடைசியில் இந்தப் படிக்கட்டுக்கு அடித்தளம் n லாக் n ஆகத்தான் இருக்கவேண்டும் என்று இருவரும் கணித்தார்கள். அந்தப் படிவரைக்கும் 2019ல் இறங்கிக் காட்டியவர்கள் டேவிட் ஹார்வியும் யோரிஸ் வான் டெர் ஹூவனும். 1960ல் ஒரு மாணவர் உடைத்த பூட்டு, கிட்டத்தட்ட அறுபது வருஷம் கதவு மேல் கதவாகத் திறந்துகொண்டே போயிருக்கிறது, இதையெல்லாம் எந்தக் குழந்தைக்கு எப்படி ஒரே மூச்சில் சொல்வது!

"மூணா வெட்டிப் பாக்கலாமாப்பா?" என்றாள். பென்சிலைச் சீவிக் கொடுத்துவிட்டு நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பினேன். ஒன்பது எப்படி ஐந்தாகிறது என்று இருவரும் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறோம். மனைவி இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள்.