மண்வாரியின் சாவி சுவிட்ச்

பொக்லைன் இயந்திரத்தின் சாவி சுவிட்ச் கையடக்கமானது. அதற்குள் இருக்கும் யோசனை பெரிது. டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை. ஆகவே சாவியைத் திருகினால் தீப்பொறிக்கு அல்ல, ஸ்டார்ட்டருக்குக் கட்டளை போகிறது. ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் சாவி சுவிட்ச் வழியே பாய்வதில்லை. சிறு மின்னோட்டம் ரிலேயைத் தூண்ட, கனத்த கேபிள் சுமையை ஏற்கிறது. கையை எடுத்ததும் சாவியைப் பின்னுக்குத் தள்ளும் ஸ்பிரிங்தான் எனக்கு மிக உகந்த பகுதி. அது தளர்ந்தால், எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகும் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும், ஸ்டார்ட்டர் கருகிவிடலாம். ஆகவே மாற்று சுவிட்ச் வாங்கும்போது விலைக்கு முன் அந்தத் துள்ளலைச் சோதிக்க வேண்டும். ஒரே நிறுவனத்தின் பல வண்டிகளுக்கு ஒரே சாவி பொருந்துவது திருடனுக்கு வசதி என்பார்கள், நியாயமான கவலைதான். ஆனால் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஆபரேட்டர் மாறும் களத்தில், சாவி தொலைந்தாலும் வேலை நிற்பதில்லை. காவலுக்கு பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சைத் தனியே பூட்டிக்கொள்ளலாம்.