லெப்பை: கடல் கடந்த ஒரு சொல்

'லெப்பை' என்னும் சொல்லின் பிறப்புக் குறித்து நம்மிடையே இரு கருத்துகள் வழங்கிவருகின்றன. ஹாஜிகள் முழங்கும் 'லப்பைக்க' என்பதே லெப்பை ஆயிற்று என்பர் ஒரு சாரார். 'அரபி' என்பதன் திரிபு என்பர் மற்றொரு சாரார். 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இதனையே எடுத்துரைக்கிறது. இரு சாராரும் ஓசையையே பெரிதும் நம்புகின்றனர். நம் வணிகரோடு அச்சொல் கடல் கடந்து சென்ற நாடுகளின் வழக்கையும் நோக்குதல் வேண்டும்.

மலாய் மொழியில் 'லெபை' என்றால் மார்க்கம் அறிந்தவர், பள்ளிவாசல் பணியாளர் என்று பொருள். ஒரே நாளில் இரு விருந்துகளுக்கு அழைக்கப்பட்டு, ஆற்றின் எத்திசையில் செல்வதெனத் தடுமாறி இரண்டையும் இழந்த 'லெபை மாலாங்' அந்நாட்டுக் கதைகளில் புகழ்பெற்றவர். அச்செ மொழியில் அச்சொல் வணக்க வழிபாடுகளில் பேணுதலுள்ளவரைக் குறிக்கும். மேற்கு ஜாவாவின் சுந்தா மொழியிலோ 'லெபே' என்பவர் திருமணம் முதலிய மார்க்க காரியங்களைக் கவனிக்கும் கிராம அலுவலர். பொருள் சற்றே வேறுபடினும் யாண்டும் அது கல்வியையும் பணியையும் பற்றிய பெயர்.

இன்றைய இந்தோனேசிய இளைஞர் பேச்சில் அதே ஓசையுடைய மற்றொரு சொல்லும் உண்டு. மிகைபட நடந்துகொள்வது என்பது அதன் பொருள். 'அதிகம்' எனப் பொருள்படும் 'லெபிஹ்' என்னும் அந்நாட்டுச் சொல்லிலிருந்து அது கிளைத்தது என்பர். ஓசை ஒன்றென இரண்டையும் இணைத்தால், லெப்பைமார் மிகைப்பேச்சினர் என்றொரு வரலாறு பிறந்துவிடும்!

'லப்பைக்க' என்பதன் ஈற்றிலுள்ள 'க' முன்னிலையாரைக் குறிக்கும் ஒட்டு. அதை நீக்கினால் 'லப்பை' எஞ்சும் என்பது கேட்க இனிதே. எனினும் அதனை இருமை வடிவமெனக் கொண்ட சீபவைஹிக்கும், ஒருமையெனக் கொண்ட யூனுஸுக்கும் அது அழைப்புக்குரிய மறுமொழியே. ஆளைச் சுட்டும் பெயர் அன்று. 'அரபி' என்பதன் திரிபாயின், மேற்கூறிய தீவுகளில் அரபியர் என்னும் பொருளின் சுவடேனும் இருத்தல் வேண்டும். அதுவும் இல்லை.

தமிழிலும் பழம்பொருள் முற்றும் மறையவில்லை. இலங்கையில் பள்ளிவாசல் பணியாளரை லெப்பை என்றழைக்கும் வழக்கு உண்டு. ஆனால் கிணத்துக்கடவு முதலாய நம் கொங்குப் பகுதியில், இராவுத்தரா லெப்பையா என்று சம்பந்தம் பேசும்போது வினவும் பிரிவுப் பெயராகவே அது நிற்கிறது. குதிரை வீரரைக் குறித்த 'இராவுத்தர்' அடைந்த நிலையும் அதுவே. வேர் எதுவாயினும், பணியைக் குறித்த பெயரைப் பிறப்பின் பெயராக்கிக்கொண்டோம். தொலைதூரத் தீவினர் காத்துவைத்த பொருளை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தருதல் வேண்டும்.