ஹில் ஹவுஸ் புதினத்தில் ஆய்வும் அச்சமும்

பேய்க்கதை என்றவுடன் அதனைப் பொழுதுபோக்கு நூல்களின் வரிசையில் ஒதுக்கிவிடுதல் திறனாய்வாளர் சிலர்தம் வழக்கம். அமெரிக்க எழுத்தாளர் ஷர்லி ஜாக்சன் 1959-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' என்னும் புதினம் அவ்வாறு ஒதுக்கத்தக்கதன்று. அதில் நிகழ்வன வீட்டின் செயலோ, தலைவி எலினாரின் உள்ளத்துச் செயலோ என்னும் வினா நெடுநாளாக எழுப்பப்பட்டு வருகின்றது. யாவும் அவள் மனமயக்கமே என்பாரும் உளர். அம்முடிபு நூலின் அமைப்பொடு பொருந்துமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

மானிடவியல் கற்ற மான்டேகு என்னும் அறிஞர், எண்பது ஆண்டுப் பழமையுடைய அவ்வீட்டை ஒரு கோடைக்கு வாடகைக்குப் பெற்று, ஆங்கு நிகழ்வனவற்றைக் குறிப்பெடுக்க விழைகின்றார். இளமையில் தன் வீட்டின்மேல் மூன்று நாள் கல்மாரி பொழியக் கண்டவள் எலினார். மறைவிலுள்ள சீட்டுகளை உணர்ந்து கூற வல்லவள் தியடோரா. வீட்டின் உரிமைக் குடும்பத்தைச் சேர்ந்தவன் லூக். இம்மூவரும் அவர்க்குத் துணை. இத்தகைய ஆய்வாளர் வெறுங் கற்பனையினர் அல்லர். ஆவியுலக ஆராய்ச்சிக்கென இலண்டனில் 1882-இல் ஒரு கழகம் தோன்றியது. 1897-இல் ஸ்காட்லாந்தின் பாலகின் மாளிகை இவ்வாறே வாடகைக்கு எடுக்கப்பெற்று நாட்குறிப்பு எழுதப்பட்டது. அத்தகைய குழுவொன்றின் அறிக்கையே தம் நூற்குத் தோற்றுவாய் என ஜாக்சன் ஒரு கட்டுரையில் கூறியுள்ளார். அவர் உள்ளத்தைக் கவர்ந்தது அவ்வறிக்கை கூறிய வீடு அன்று. அதனை ஆராயச் சென்ற மாந்தரே.

மனமயக்கக் கொள்கைக்கு முதல் தடை, இரவில் எழும் கதவுத் தட்டொலியைத் தியடோராவும் கேட்டு நடுங்குதல். அந்நேரத்தில் ஆடவர் இருவரும் நாய்போன்ற ஏதோ ஒன்றைத் துரத்தி வெளியே அலைகின்றனர். ஒருவர் மயக்கம் இத்துணைப் பேரையும் பிரித்து வைத்தல் அரிது. எனினும் மறுபுறமும் நோக்குதல் வேண்டும். எலினார் நோயுற்ற தாயைப் பதினோராண்டு பேணியவள். இறந்த இரவில் அத்தாய் மருந்து வேண்டிச் சுவரைத் தட்டியிருந்தாள். ஆகவே வீடு தட்டுகின்றது. ஆனால் அவள் அறிந்த ஒலியாலேயே தட்டுகின்றது. அவளுடைய பேரைச் சுவரில் எழுதி, வீட்டிற்கு வருமாறும் அழைக்கின்றது. வீடு, உள்ளம் என்னும் இரண்டனுள் ஒன்றையே காரணமாகக் கொள்வார் இவ்விடத்தில் இடர்ப்படுவர் என்பது எம் துணிபு.

மான்டேகுவின் கருவிகள் இதனை அளக்க வல்லன அல்ல. குழந்தையர் அறையின் வாயிலில் எலும்பையும் நடுக்கும் குளிர் உளது. வெப்பமானியோ எம்மாற்றமும் காட்டவில்லை. அறிஞர் கருவியைக் கடிந்துகொள்கிறார்! அவர் மனைவி ஆவியெழுத்துப் பலகையோடு வந்து சேரும் பகுதியில் நகைச்சுவை சற்று மிகுந்துவிட்டது என்றே கருதுகிறோம். ஆயினும் அப்பலகை எழுதும் சொற்களுள் எலினாரின் பெயரும் வீடும் தாயும் இடம்பெறுகின்றன. குழுவினர் தேடி வந்த செய்தி அதுவே. துறவியர் பற்றிய கட்டுக்கதையின் ஆரவாரத்தில் அதனைப் பொருட்படுத்துவார் இலர். அன்புடையவரேனும் மான்டேகு எலினாரைத் தேர்ந்தது கல்மாரிக்காகவே. தமக்கை வீட்டில் தனக்கென ஓர் அறையுமின்றி வாழ்ந்தவள் அவள் என்பது அவர்தம் குறிப்பேட்டிற்கு வேண்டாததாயிற்று.

அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறைவன் என நான்கு நிலைக்களன் வகுத்தார் தொல்காப்பியர். ஏனையோர்க்கு ஹில் ஹவுஸ் இறுதிவரை அணங்கே. எலினார் ஒருத்திக்கு மட்டும் அவ்வணங்கு மெல்ல மெல்ல இல்லமாகின்றது. அச்சம் நின்ற இடத்தில் உவகை வந்து நிற்கின்றது. நூலில் நம்மை மிக நடுக்குவது இம்மாற்றமே. இதனை உணர்த்தவே ஆசிரியர் எப்பேயையும் கண்முன் நிறுத்தாது விடுத்தார் போலும்.

அவளுடைய நலங்கருதி அவளை வெளியேற்றுகின்றனர். தான் விரும்பிய ஒரே இடத்தினின்று நீக்கப்பெற்றவள், காரை மரத்தின்மேல் செலுத்துகின்றாள். மோதுமுன் ஒரு நொடி, தன்னை ஏன் ஒருவரும் தடுக்கவில்லை என எண்ணுகின்றாள். மான்டேகு பின்னர் அவ்வீட்டைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார் என்றும், அஃது ஏளனமாக ஏற்கப்பட்டதால் ஆய்வினின்று ஓய்ந்தார் என்றும் ஆசிரியர் ஒரே தொடரில் முடிக்கின்றார். அக்கட்டுரையில் எலினார் இடம்பெற்றாளா என்பதை அவர் கூறவில்லை.