துவாலு நாணயங்களில் உயிரினங்கள்

துவாலு, பசிபிக் பெருங்கடலில் ஒன்பது தீவுகளைக் கொண்ட நாடு. பரப்பளவு 26 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஏறத்தாழ 11,000. அங்கு ஆஸ்திரேலிய டாலர் செல்லும். எனினும் 1976 முதல் துவாலுவின் பெயரிலும் நாணயங்கள் வெளிவருகின்றன.

புழக்க நாணயங்கள்

1976ஆம் ஆண்டு வரிசையில் 2 சென்ட்டில் திருக்கை, 5 சென்ட்டில் புலிச்சுறா, 10 சென்ட்டில் நண்டு, 20 சென்ட்டில் பறவைக்கோலா மீன், 50 சென்ட்டில் ஆக்டோபஸ், 1 டாலரில் கடலாமை ஆகியவை இடம்பெற்றன. இக்காசுகளை வரிசையாக அடுக்கினாலே அந்நாட்டுக் கடலைப் பற்றிய ஒரு பாடம் கிடைத்துவிடும்.

சேகரிப்பு நாணயங்கள்

பிற்காலத்தில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நாணயச்சாலை, துவாலு பெயரில் வெள்ளி நாணயங்களை வெளியிட்டது. 2006இல் வந்த செம்முதுகுச் சிலந்தி நாணயம் அவற்றுள் ஒன்று. வண்ணம் தீட்டிய அதன் வேலைப்பாட்டில் குறை காண்பது கடினம். ஆனால் அச்சிலந்தியின் தாயகம் ஆஸ்திரேலியா. முகமதிப்பு 1 டாலர். விற்பனை விலையோ பல மடங்கு. அதைக் கொடுத்து எவரும் கடையில் பொருள் வாங்குவதில்லை.

மதிப்பீடு

வளம் குறைந்த நாடு இவ்வழியில் வருவாய் தேடுவது தவறன்று. ஆனால் நாணயம் ஒரு நாட்டின் அடையாளமும் ஆகும். ஒரு பக்கம் துவாலுவின் பெயர், மறுபக்கம் வேற்று நாட்டு உயிரினம் என்றால் அந்த அடையாளம் மங்குகிறது. கடல்மட்ட உயர்வால் நிலத்தையே இழக்கும் அச்சத்தில் உள்ள நாட்டுக்கு இது சிறிய இழப்பன்று. வேலைப்பாட்டில் சிலந்தி நாணயம் முந்தலாம். துவாலுவைப் பற்றிச் சொல்வதில் 1976இன் கடலாமையே முந்துகிறது.