மறுரூபமா, வேஷமா?
‘மிஸ் மார்வெல்’ படக்கதையின் முதல் இதழைக் குறித்து

அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம் 2014ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியிட்ட ‘மிஸ் மார்வெல்’ முதல் இதழ், நியூ ஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி சிட்டி நகரில் வாழும் கமலா கான் என்னும் பதினாறு வயதுப் பெண்ணின் கதையைத் தொடங்கி வைக்கிறது. அவளுடைய குடும்பம் பாகிஸ்தானிலிருந்து குடியேறியது. இஸ்லாமிய நெறியில் நிற்பது. கதையை எழுதிய ஜி. வில்லோ வில்சன் இளமையில் இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்கப் பெண்மணி. படங்களை வரைந்தவர் ஏட்ரியன் அல்ஃபோனா. தொடரின் தொடக்க இதழ்களைக் கொண்ட தொகுதிக்கு 2015இல் ஹ்யூகோ விருது கிடைத்தது. படக்கதை என்றதும் முகஞ்சுளிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு; ஆனால் நம் இளைஞர் எதை வாசிக்கிறார்கள் என்று அறியாத ஆயர் அவர்களுக்கு எதைப் பிரசங்கிப்பார்?

கதை ஒரு கடையில் தொடங்குகிறது. பன்றி இறைச்சியின் மணத்தைக் கமலா ஆசையோடு முகர்ந்து நிற்கிறாள், உண்ணவில்லை. விலக்கப்பட்டது என்பதை அவள் மறுக்கவுமில்லை, மறக்கவுமில்லை. அங்கே ஸோயி என்னும் வெள்ளைக்காரச் சகமாணவி வருகிறாள். முக்காடு அணிந்த தோழி நாக்கியாவை நோக்கி, தகப்பனாரோ வேறெவரோ இதை அணியும்படி வற்புறுத்தினார்களோ, இதனால் உன் உயிருக்கு ஆபத்து உண்டோ என்று உருக்கமாக விசாரிக்கிறாள். நாக்கியாவின் மறுமொழி சுவையானது: அவள் தகப்பனார் அதைக் கழற்றிவிடும்படிதான் சொல்கிறாராம்.

இந்த ஒரு காட்சிக்காகவே இவ்விதழைப் பாராட்டலாம். ஸோயி பகைமை காட்டவில்லை, அக்கறை காட்டுகிறாள். ஆனால் அந்த அக்கறை கேள்விக்கு விடையை முன்னரே முடிவு செய்துகொண்டு வருவது. பிற சமயத்தாரைப் பற்றி நம் பிரசங்க பீடங்களில் பேசப்படும் இரக்க மொழியில் எவ்வளவு பங்கு இந்த வகையைச் சார்ந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அண்டைவீட்டு முஸ்லிம் பெண்ணிடம் ஒரு முறையேனும் கேட்டறியாமல் அவளுக்காகக் கண்ணீர் வடித்து ஜெபிப்பது எளிது.

இரவு விருந்துக்குப் போகத் தகப்பனார் அனுமதி மறுக்க, கமலா சன்னல் வழியே வெளியேறுகிறாள். விருந்தில் மது கலந்த பழச்சாற்றை அறியாமல் குடிக்கக் கொடுக்கிறார்கள்; அவள் துப்பிவிடுகிறாள். ஸோயியோ, உன்மேல் கறி வாசனை அடிக்கிறது என்று சொல்லி விலகி நிற்கிறாள். மாணவர்கள் கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தை இங்கே நினைவுகூரலாம். அந்தியோகியாவில் பேதுரு பந்தியைவிட்டு விலகியதைப் பவுலடியார் நற்செய்திக்கே எதிரானதாகக் கண்டார். உணவையும் அதன் வாசனையையும் காரணங்காட்டி மனிதரைப் பிரிப்பது ஜெர்சி சிட்டிக்கு மட்டும் உரியதன்று. சாதியால் பிளவுண்ட நம் சபைகளின் விருந்துப் பந்திகளும் அதை நன்கு அறியும்.

இதழின் உள்ளம் இதற்குப் பின்னர்தான் வெளிப்படுகிறது. வீடு திரும்பும் வழியில் மூடுபனி சூழ, கமலா மயங்கி விழுகிறாள். மேகத்தினிடையே மூவர் தோன்றுகிறார்கள்: நடுவில் அவள் போற்றும் கேப்டன் மார்வெல், இருபுறமும் அயர்ன் மேனும் கேப்டன் அமெரிக்காவும். அமீர் குஸ்ரோவின் வசந்தப் பாடல் அங்கே ஒலிக்கிறது. மேகம், மலைத்து நிற்கும் சீடன் போன்ற பெண், ஒளியில் நிற்கும் மூவர் என இவ்வமைப்பைக் காணும் கிறிஸ்தவ வாசகருக்கு மறுரூபமலை நினைவுக்கு வராமற் போகாது. இதழின் தலைப்பும் ‘மெட்டமார்ஃபோசிஸ்’ என்பதே. மாற்கு 9:2இலும் ரோமர் 12:2இலும் ஆளப்படும் கிரேக்க வினையின் வழிவந்த சொல் அது. நம் பழைய மொழிபெயர்ப்பு இரண்டு இடங்களிலும் மறுரூபம் என்றே தருகிறது.

வேறுபாடும் ஈண்டு நோக்கத்தக்கது. மலையிலே சீடர்கள், மற்றொருவரின் சொல்லைக் கேட்கும்படி பணிக்கப்பட்டார்கள். இங்கே கேள்வி, நீ யாராக விரும்புகிறாய் என்பது. அதற்கு முன் கமலா தன் மனத்தைத் திறக்கிறாள். வீட்டாரின் கட்டளையை மீறினால் தோழர்கள் தன்னை ஏற்பார்கள் என்று நம்பினாள். அவர்களோ, அவள் தன் மக்களை இழிவென்று தள்ளிவிட்டாள் என எண்ணி, அவள் குடும்பத்தையே எள்ளத் துணிந்தார்கள். தன் பெற்றோரை அவள் இழிவாகக் கருதவில்லை. யாராக இருப்பது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. ஆகவே, இந்தச் சிக்கல் இல்லாதவளாக, அழகும் வலிமையும் உடையவளாக, உன்னைப்போலவே ஆக வேண்டும் என்கிறாள். நீ எண்ணுகிறபடி இது அமையாது என்ற எச்சரிப்போடு வரம் கிடைக்கிறது. இறுதிப் படத்தில், பொன்னிறக் கூந்தலும் வெள்ளைத் தோலும், கேப்டன் மார்வெல் முன்னாளில் அணிந்த குறுகிய உடையுமாக அவள் எழுந்து நிற்கிறாள்.

தலைப்பு மறுரூபம் என்று சொல்ல, நடந்ததோ ரோமர் 12:2 விலக்குகிற மற்றதாகிய வேஷந்தரித்தல். ‘ஸ்கேமா’ என்னும் புறவடிவச் சொல்லின் அடியாகப் பிறந்த அவ்வினையை வேஷம் என்று தமிழாக்கியவர்களை மெச்சவேண்டும். பெரும்பான்மையோரின் முகமே முகம் என்று நம்பிய பெண்ணுக்கு அந்த முகமே கிடைத்துவிட்டது. தேவசாயலைப் பற்றி நாம் வகுப்பில் விளக்கும்போது, தன் நிறத்தையும் பெயரையும் வீட்டு உணவையும் வெட்கமாய் எண்ணும் பிள்ளை, தன்னில் பதிந்த அச்சாயலை எங்ஙனம் காணும் என்ற கேள்வியைப் பெரும்பாலும் தொடுவதில்லை. இப்படக்கதை தொட்டிருக்கிறது.

குறையும் உண்டு. மேகத்தில் தோன்றுவோர் தாங்களே விசுவாசம் என்று கூறிக்கொள்கிறார்கள். அவளுக்குத் தேவையானதை அவள் காண்கிறாளாம். விசுவாசம் மனிதத் தேவையின் நிழலாகச் சுருங்கும் இடம் இது. ஃபொயர்பாக்கை வாசித்த மாணவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எப்போதும் ஜெபத்தில் இருக்கும் அண்ணன் ஆமிர் வேலை தேடாத நகைப்புப் பாத்திரமாகவே இவ்விதழில் நிற்கிறான். பக்தியைக் கண்டு புன்னகைக்க ஆசிரியருக்கு உரிமை உண்டு. ஆனால் கமலாவைத் தாங்கும் விசுவாசம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு முதல் இதழில் இடம் வைக்கவில்லை.

இளைஞர் கூட்டத்தில் இதைப் பயன்படுத்த விரும்புவோர் இரண்டாம் இதழையும் சேர்த்தே வாசிக்கக் கொடுக்க வேண்டும். நீரில் விழுந்த ஸோயியை அங்கே கமலா காப்பாற்றுகிறாள். அவ்வேளையில் அவள் நினைவுக்கு வருவது, தகப்பனார் அடிக்கடி சொல்லும் குர்ஆன் வசனம்: ஓர் உயிரைக் காத்தவர் மனுக்குலம் முழுவதையும் காத்தவர் ஆவார் என்னும் கருத்துடையது. இதே கருத்து யூதரின் மிஷ்னாவிலும் உண்டு. விருந்துக்குப் போகாதே என்று தடுத்த தகப்பனாரின் வாயிலிருந்து அவள் கேட்ட சொல் அது. தன்னை இகழ்ந்தவளை நோக்கி அவள் கையை நீட்டச் செய்வதும் அதுவே.