மின் கிற்றாரின் நாதம்: குற்றமோ? குணமோ?

மின் கிற்றார் என்றதும் நம்முள் இசையறிவுடையோர் பலர் முகஞ் சுளிப்பர். அதன் ஒலியைக் கரகரப்பு என்பர், இரைச்சல் என்பர், இது வாத்தியமன்று, இயந்திரத்தின் கூச்சல் என்பாருமுளர். இளைஞரோ அக்கரகரப்பினையே அதன் உயிரெனப் போற்றுவர். இரு திறத்தார்க்குமிடையே வழக்கு நெடுங்காலமாக நடக்கின்றது, தீர்ப்புத்தான் வந்தபாடில்லை. காரணம் யாதெனின், அக்கரகரப்பு எங்ஙனம் பிறக்கின்றது என்பதை இரு திறத்தாரும் ஆராய்ந்திலர்.

இக்கட்டுரையாளனும் முன்னர் முதலாந் திறத்தாரோடு நின்றவனே. கோவில் திருவிழாவில் ஒலிபெருக்கி நாதஸ்வர இசையைக் கெடுக்கும் வகையினை வகுப்பிற் கண்டித்துப் பேசிய ஒருநாள், மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, ஒலிபெருக்கியின் கரகரப்புக் குற்றமென்றால், தம்புராவின் கரகரப்பு மட்டும் எப்படிச் சுநாதமாகும்?" என்று வினவினான். அவ்வினாவுக்கு அன்று விடை கூற இயலவில்லை. அவ்விடையைத் தேடிய முயற்சியே இக்கட்டுரை.

முதற்கண் வாத்தியத்தின் அமைப்பை நோக்குவோம். வீணைக்குக் குடம் உண்டு. தந்தியின் அதிர்வைக் குடம் வாங்கிக் காற்றுக்கு அளிக்கின்றது. திண்ணிய மரத்தாலாய மின் கிற்றாருக்குக் குடமில்லை. அதன் உருக்குத் தந்திகளின்கீழ் 'பிக்கப்' எனப்படும் சிறு கருவி பதிக்கப்பட்டுள்ளது. அதனுள்ளே காந்தமும், மயிரிழையொத்த செப்புக் கம்பியைப் பல்லாயிரஞ் சுற்றாகச் சுற்றிய சுருளும் உள. தந்தி அதிருங்கால் காந்தப் பாயம் மாறுகின்றது; அது மாறச் சுருளிலே மின் பிறக்கின்றது. 1831இல் மைக்கேல் பரடே கண்ட தூண்டல் விதி இதுவே. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்கராகிய ஜோர்ஜ் பீச்சம் என்பார் இவ்விதியைக் கிற்றாருக்குப் பொருத்தி வெற்றி கண்டார்.

ஈண்டு ஊன்றிக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. பிக்கப் தந்தி முழுவதையும் கேட்பதில்லை. தனக்கு நேர்மேலே உள்ள சிறு பகுதியை மட்டுமே கேட்கின்றது. அதிருந் தந்தி ஆதார ஒலியோடு பல மேற்றொனிகளையும் எழுப்புமென்பதும், ஒவ்வொரு மேற்றொனிக்கும் தந்தியில் அசையாத கணுக்கள் உண்டென்பதும் பௌதிகம் பயிலும் மாணவர் அறிந்தவை. திறந்த தந்தியின் நீளத்திற் காற்பங்கிலே பிக்கப்பை வைப்பின், நான்காம் பகுதித் தொனிக்கு அவ்விடம் கணுவாதலின் அத்தொனி அதன் செவிக்கு எட்டாது. ஒலி உருண்டு கனத்து மென்மையாக இருக்கும். குதிரைக்கு அண்மையில் வைப்பின் ஆதார ஒலி மெலிந்து மேற்றொனிகள் முந்தும். ஒலி கூர்மை பெறும். ஒரே தந்தி, ஒரே மீட்டு. கேட்குமிடம் வேறானமையின் குரலும் வேறாயிற்று.

இனி, சுருளின் தூண்டுதிறனும் கிற்றாரையும் விரியலாக்கியையும் இணைக்கும் வடத்தின் கொள்ளளவமும் கூடி ஒரு பரிவை உண்டாக்குகின்றன. ஒற்றைச் சுருளின் தூண்டுதிறன் 2.5 ஹென்றியும் வடத்தின் கொள்ளளவம் 500 பிக்கோபரட்டும் ஆயின், செக்கனுக்கு ஏறக்குறைய 4500 அதிர்வுகளிற் பரிவு நிகழும். தூண்டுதிறன் 4.5 ஹென்றியாயின் அது 3350 அளவிற்கு இறங்கும். முன்னது பளிச்சென்ற குரல். பின்னது தடித்த குரல். ஒற்றைச் சுருளுக்கு வேறொரு குறையுமுண்டு. நமது வீட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 தடவை மாறி ஓடுவது. அதன் முரலலையும் ஒற்றைச் சுருள் வாங்கிக்கொள்ளும். கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் என்பார் 1955ஆம் ஆண்டளவில் இரு சுருள்களை எதிரெதிராக இணைத்து, முரலல் தன்னைத் தானே அழித்துக்கொள்ளவும் தந்தியின் ஒலி இரட்டிக்கவும் வழி கண்டார். எனவே, கரகரப்புத் தொடங்குமுன்னரே, எவ்வெத்தொனிகள் விரியலாக்கியின் வாயிலை அடைவன என்பதைப் பிக்கப் தீர்மானித்துவிடுகின்றது.

இனி விரியலாக்கி. அது தான் பெற்ற சிறிய அலையைப் பெரிதாக்கித் தருவது. ஆயின் அதன் ஆற்றலுக்கு எல்லையுண்டு. எல்லையை மீறிய அலையை ஊட்டுவோமாயின் அலையின் முடி மழுங்குகின்றது. முடி மழுங்கிய அலையில் முன்பில்லாத புதிய மேற்றொனிகள் தோன்றும். மேற்புறமும் கீழ்ப்புறமும் ஒத்து மழுங்கின் மூன்று, ஐந்து முதலாய ஒற்றைப்படைத் தொனிகள் பிறக்கும். ஒவ்வாது மழுங்கின் இரண்டு, நான்கு முதலாய இரட்டைப்படைத் தொனிகளும் உடன் பிறக்கும். இவற்றை நமது இசை மொழியிற் கூறுவோம். ஆதார ஒலி ஷட்ஜமாயின், இரண்டாவது மேல் ஷட்ஜம். மூன்றாவது அதன்மேலுள்ள பஞ்சமம். நான்காவது மீண்டும் ஷட்ஜம். ஐந்தாவது அந்தர காந்தாரம். பழைய வால்வு விரியலாக்கிகள் எல்லையை அணுகும்போது படிப்படியாக மழுங்குவன; ஆதலின் அவற்றிற் பிறக்குந் தொனிகள் செவிக்கு இதமாக அமைதலை வாசிப்போர் விரும்புவர்.

முடி மழுங்குதலால் விளையும் மற்றொரு பயன் கார்வை. மீட்டிய தந்தியின் அலை, விரியலாக்கியின் எல்லையைப்போற் பத்து மடங்கு ஆகுமாறு ஊட்டப்பட்டதென்க. தந்தியின் அசைவு பத்தில் ஒன்றாகக் குறையும்வரை வெளிவரும் ஒலி அதிகங் குறையாது நிற்கும். மீட்டிய மறுகணமே தேயத் தொடங்கும் தந்தி, இதனால் வில்லிட்ட வயலின்போல நீண்டு பாடுகின்றது. இந்நன்மையை முதலிற் கண்டோர் பழுதான கருவிகளிலிருந்தே கண்டனர். 1958இல் லிங்க் ரே என்னும் அமெரிக்கர் ஒலிபெருக்கியின் கூம்பிலே துளையிட்டார். 1964இல் இங்கிலாந்தின் கிங்க்ஸ் குழுவினரான டேவ் டேவிஸ் அதனைச் சவர அலகாற் கீறினார். குற்றமாகப் பிறந்தது பின்னர்க் குணமாக வளர்ந்தது.

இனி மாணவனின் வினாவுக்கு வருவோம். தம்புராவின் குதிரை கூர்மையானதன்று. அகன்று சற்றே வளைந்தது. தந்திக்கும் குதிரைக்கும் இடையே ஜீவா என்னும் நூலிழை இடப்படுகின்றது. தந்தி ஒவ்வோர் அதிர்விலும் குதிரையின் பரப்பைத் தொட்டுத் தொட்டு மீள்வதால் மேற்றொனிகள் செறிந்து எழுகின்றன. சர். சி. வி. இராமன் 1921இல் வெளியிட்ட ஆய்வுரையொன்றில் தம்புரா, வீணை ஆகியவற்றின் குதிரைகளை ஆராய்ந்து வியத்தகு உண்மையொன்றைக் காட்டினார். சாதாரணத் தந்தியை ஒரு கணுவில் மீட்டினால் அக்கணுவுக்குரிய மேற்றொனி எழாது என்பது பழைய விதி. இவ்வாத்தியங்களிலோ அத்தொனியும் வலிமையுடன் எழுகின்றது. அஃதாவது, தந்தியில் இல்லாத தொனியைக் குதிரை படைக்கின்றது. விரியலாக்கி மின்னினாற் செய்வதை நம் முன்னோர் நூலிழையாலும் குதிரையின் வளைவாலும் செய்தனர். எனவே அலையின் உருவம் மாறுதல் தன்னளவிற் குற்றமன்று. இசையைக் கணிதத்தாலும் ஆராயலாமென்பதை 1947இல் வெளிவந்த யாழ் நூலால் நமக்குணர்த்திய விபுலாநந்த அடிகள் பிறந்த நாட்டில், பௌதிகம் தரும் இவ்விடையை ஏற்க நாம் தயங்கவேண்டியதில்லை.

அங்ஙனமாயின் கோவில் ஒலிபெருக்கியைக் கண்டித்தது தவறோ? தவறன்று. அதற்கும் பௌதிகமே காரணங் காட்டும். எல்லை மீறிய விரியலாக்கியில் ஒரே ஒலி புகுந்தால் அதன் மேற்றொனிகளே பிறக்கும். அவை அவ்வொலியின் சுற்றம். இரண்டு ஒலிகள் ஒருங்கே புகுந்தாலோ, அவற்றின் கூட்டலும் கழித்தலுமாகிய வேற்றொலிகளும் பிறக்கும். ஷட்ஜம் 110 அதிர்வும் பஞ்சமம் 165 அதிர்வுமாயின், வேறுபாடு 55. அது கீழ் ஷட்ஜமே. ஆகவே ஷட்ஜ பஞ்சமம் கரகரத்தாலும் சுருதி சேர்ந்து கம்பீரமாக ஒலிக்கின்றது. ரொக் இசையாளர் அவ்விரு சுரங்களையே இணைத்து மீட்டுதலின் மருமம் இதுவே. கிற்றாரின் மெட்டுக்களில் அந்தர காந்தாரம் ஏறத்தாழ 138.6 அதிர்வு. ஷட்ஜத்தோடு அதனை மீட்டின் வேறுபாடு 28.6, சுருதி சேர்வதற்கு அது 27.5 ஆக இருத்தல் வேண்டும். அங்கே கலக்கம் நேர்கின்றது. இரு சுரத்துக்கே இக்கதியாயின், நாதஸ்வரமும் ஒத்தும் தவிலும் தாளமும் ஒருங்கே ஒரே விரியலாக்கியில் எல்லை மீறிப் புகும்போது பிறக்கும் ஒலிகள் எந்த இராகத்துக்கு உறவு? அளவெட்டி, இணுவில் முதலாய ஊர்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்த மேளக்கலையை, வாசிப்பவன் அறியாமலே, எங்கோ ஒரு மூலையிலிருக்கும் பெட்டி உருமாற்றிவிடுகின்றது.

இவற்றால் இரண்டு அளவுகோல்கள் பெறப்படுகின்றன. ஒன்று, மழுங்குவது தனிக்குரலா, பல குரற் கலவையா என்பது. மற்றொன்று, அம்மழுங்கல் கலைஞனின் விரலுக்கு அடங்கியதா என்பது. மின் கிற்றார் வாசிப்போன் தன் விரியலாக்கியைத் தானே கேட்கின்றான். மெல்ல மீட்டினால் தெளிவும் அழுந்த மீட்டினாற் கரகரப்பும் வருமாறு அதனை எல்லையின் விளிம்பிலே நிறுத்த வல்லவன். ஜிமி ஹென்றிக்ஸ் கிற்றாரிலுள்ள சிறு திருகியைக் குறைத்தும் கூட்டியும் ஒரே வாத்தியத்திற் பல குரல்களை வரவழைத்தார். தம்புராவின் ஜீவாவை நகர்த்தி நாதத்தைத் தேடும் விரலும் அத்தகையதே. கோவில் ஒலிபெருக்கியோ எவர் விரலுக்கும் அடங்கியதன்று.

இவ்வளவுகோல்களைக் கொண்டு நம்மிசையோடு உறவுடைய சிலரை மதிப்பிடலாம். ஜோன் மக்லாக்லின் 1971இல் மகாவிஷ்ணு ஓர்க்கெஸ்ட்ரா என்னுங் குழுவில் எல்லை மீறிய நாதத்தைப் பெரிதும் கையாண்டார். அங்கே வேகமும் வீறும் உண்டு. ஆயின் வன்மை மென்மை வேறுபாடு குறைவு. முடி மழுங்கிய அலையில் உரத்த சுரமும் மெல்லிய சுரமும் ஒருயரமாகிவிடுதல் இயல்பு. கார்வைக்கு நாம் கொடுக்கும் விலை அது. பின்னர்ச் சக்தி குழுவில் அவர் மின்னை விடுத்து, மெட்டுக்களுக்கிடையே குடைந்தெடுத்த மரக் கிற்றாரைக் கைக்கொண்டபோதே கமகம் அவர் விரலுக்கு வசமாயிற்று. அக்குழுவில் உடனிருந்த வயலின் வித்துவான் எல். சங்கர் சென்னையிற் பிறந்து இளமையில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். அவர்தம் தந்தையார் வி. இலட்சுமிநாராயணர் இங்கே இசை பயிற்றியவர். சங்கர் பின்னர் ஆக்குவித்த பத்துத் தந்தி மின் இரட்டை வயலின், மின்னை வேறொரு பயனுக்கு ஆளுகின்றது. வில்லுக்குக் கார்வை இயல்பாகவே உண்டு. ஆதலின் அவர் வேண்டியது கரகரப்பன்று, மந்தரம் வரை நீளும் ஸ்தாயி விரிவு.

மாண்டலின் யூ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) இரட்டை இரட்டையாக எட்டுத் தந்தி கொண்ட வாத்தியத்தை ஐந்து ஒற்றைத் தந்தியாக மாற்றி மின்னோடு இணைத்தார். இரட்டைத் தந்திகளை வளைத்துச் சுருதி வழுவாது கமகம் இசைத்தல் அரிது. ஒற்றைத் தந்தியோ வளையும், ஆயின் மெலிந்து ஒலிக்கும். அம்மெலிவைப் பிக்கப் ஈடுசெய்தது. அவர் எல்லையை அணுகினாரேயன்றி மீறினாரல்லர். சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையே தேய்ந்து மறையும் மென்மை அதனால் அழியாது நின்றது. கிற்றார் ஆர். பிரசன்னா 2006இல் வெளியிட்ட 'இலெக்ரிக் கணேச லாண்ட்' என்னும் இசைத்தட்டோ, ஹென்றிக்ஸுக்குக் காணிக்கையாக அமைந்து, எல்லை மீறிய நாதத்தையே கருநாடக இசையோடு இணைக்கத் துணிந்தது. அத்துணிவு பாராட்டத்தக்கது. நீண்ட கார்வையில் தந்தியை வளைத்து இசைக்குங்கால் அந்நாதம் இராகத்துக்கு இசைவாகவே நிற்கும். மேற்றொனிகள் மலிந்திருத்தலாற் சுருதி வழு சிறிதாயினும் மறைக்கவொண்ணாது. ஆயின் சுரங்கள் நெருங்கி விரையும் இடத்தில், ஒன்று தேயுமுன் மற்றொன்று ஏறி, நிறம் ஒன்றாகிவிடும். ஆகவே இந்நாதத்திற்கு விளம்பம் இயல்பான இடம். துரிதத்தில் அதனை அடக்குதல் வேண்டும் என்பது எமது கருத்து.

மின் கிற்றார் ஏந்தும் மாணவரை இரைச்சலிடுவோர் என ஒதுக்குதல் நமக்கு அழகன்று. உரத்தலே உயர்வென அவர்களை ஏமாறவிடுதலும் அழகன்று. மெல்ல மீட்டினால் உன் வாத்தியம் தெளிந்து பேசுகின்றதா, அழுந்த மீட்டினால் மட்டும் கரகரக்கின்றதா என்று கேட்போம். ஆம் எனின் அக்கரகரப்பு அவன் குரல். அன்றெனின் அது பெட்டியின் குரல். இவ்வினாவை அவனிடம் கேட்கும் நாம், கோவில் வீதியில் ஒலிபெருக்கியின் திருகியைத் திருப்புவோரிடமும் கேட்டல் வேண்டும். அன்று வகுப்பில் எழுந்த மாணவனுக்கு யாம் தரும் விடை இதுவே.