களஞ்சியத்தில் சிற்றுருக்கள்: தனித்தலைப்பும் தங்கவயலும்

களஞ்சியம் எதற்குத் தனித்தலைப்புத் தரவேண்டும், எதனைப் பட்டியலுள் ஒரு வரியாக அடக்கவேண்டும் என்பது தொகுப்புக்கலையின் பழைய வினா. விளையாட்டிற்கெனப் புனையப்பட்ட உருக்கள் பெருகிய பின்னர் இவ்வினா புதிய கூர்மை பெற்றுள்ளது. 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டும், 1977இல் அதன் துணைநூலாக வந்த 'மான்ஸ்டர் மேனுவல்' என்னும் தொகுதியும் நூற்றுக்கணக்கான உருக்களை உலவவிட்டன. ஆங்கில விக்கிப்பீடியாவில் அவற்றுள் பலவற்றிற்குத் தனிக்கட்டுரைகள் எழுதப்பெற்றன; பின்னர்ப் பல நீக்கப்பட்டன அல்லது பட்டியல்களுள் இணைக்கப்பட்டன. படைத்தவர் தம் படைப்பைப் பற்றித் தாமே எழுதுவது சான்றாகாது, தொடர்பற்ற பிறர் விரிவாக எழுதியிருத்தல் வேண்டும் என்பதே அங்குக் கொள்ளப்பட்ட அளவுகோல். இவ்வளவுகோல் தமிழ்ச் சூழலுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதைக் கோலார் தங்கவயலை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

தொகுப்பாளரின் தாராளம்

ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910இல் பாண்டித்துரைத் தேவர் துணையுடன் வெளிவந்தது. விரிவாக்கப்பட்ட இரண்டாம் பதிப்பு 1934இல் வந்தது. புராணத்தில் ஒருமுறை தலைகாட்டி மறையும் அசுரனுக்கும் அதில் தலைப்புண்டு. ஒரே பெயருடையார் பலராயின் எண்ணிட்டு நிறுத்தப்படுவர். இன்றைய அளவுகோலால் அளந்தால் அந்நூலின் பெரும்பகுதி கழிக்கப்பட வேண்டியதே. ஆயினும் ஏட்டை விரித்த மாணவனுக்கு வழியில் எதிர்ப்பட்ட பெயரை விளக்கியது அந்நூல்தான். அதன் குறை தாராளத்தில் இல்லை. எந்தச் செய்தி எக்காலத்து நூலினது என்று பிரித்துக் காட்டாமையே அதன் குறை. நற்றிணை, அகநானூறு, கலித்தொகை ஆகியவற்றில் இடம்பெறும் அசுணம் இசையறி உயிர். விலங்கா பறவையா என்பதில் பிற்கால மரபு ஒருமைப்படவில்லை. இத்தகைய உருவிற்குத் தனித்தலைப்பு வேண்டுவது அதன் சிறப்பினால் அன்று, அதனைப் பற்றிய கருத்து வேறுபாட்டினால்.

பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் நோக்கம் வேறு. அது துறை அறிவைப் பரப்ப எழுந்தது. அதனை இவ்வினாவிற்குள் இழுப்பது முறையன்று.

சுரங்கம் ஈன்ற உரு

விளையாட்டுத் தொகுதியில் 'கோபோல்டு' கீழ்நிலை எதிரி. தொடக்கநிலை ஆட்டக்காரர் வெட்டி வீழ்த்துவதற்கென்றே அமைந்தது. அந்த அளவில் பட்டியலில் ஒரு வரி போதும். ஆனால் அப்பெயர் செருமானியச் சுரங்கத் தொழிலாளரின் வழக்கிலிருந்து வந்தது. வெள்ளி தராது நச்சுப்புகை கக்கிய கனிமத்தை அவர்கள் இச்சிறுபூதத்தின் சேட்டை என்றனர். பதினெட்டாம் நூற்றாண்டில் அக்கனிமத்திலிருந்து பிரித்தறியப்பட்ட தனிமம் கோபால்ட்டு எனப் பெயர் பெற்றது. இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கத்தாரும் பாறையுள் கேட்கும் தட்டொலியை 'நாக்கர்' என்னும் சிற்றுருவின் செயலாகக் கொண்டனர். அவ்வொலி சரிவுக்கு முன்னறிவிப்பு என்ற நம்பிக்கையும் இருந்தது.

1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் தங்கவயலில் கால்பதித்தபின் கார்ன்வால் சுரங்கத்தார் அங்கு வந்து பணிபுரிந்தனர். அவர்களுக்குக் கீழே உழைத்தோருள் பெரும்பான்மையினர் வடஆற்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழர். அவருள்ளும் ஒடுக்கப்பட்ட சாதியினரே மிகுதி. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழ்ந்த அச்சுரங்கங்களில் பாறை வெடிப்பு உயிர் குடித்த இடர். கார்ன்வாலில் பாறையின் ஒலி உருவாயிற்று. தங்கவயலில் அது அளவீட்டிற்கும் ஆய்விற்கும் உரிய பொருளாயிற்று. 1988இல் தேசியப் பாறை இயந்திரவியல் நிறுவனம் அங்கேயே தோன்றியது. நிலத்தடியில் உழைத்த தமிழர் அவ்வொலியை என்ன பெயரிட்டு அழைத்தனர் என்பதே தமிழ்க் களஞ்சியத்திற்கு உரிய வினா.

அசுரன் யார்?

தங்கவயல் புராண உருக்களை வெறுமனே பெற்றுக்கொண்ட ஊரன்று. அயோத்திதாசர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழ், பின்னர்த் 'தமிழன்', தங்கவயலில் ஊன்றிய வாசகரைப் பெற்றிருந்தது. மாரிக்குப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கக் கிளை இயங்கியது. அவர் 1914இல் மறைந்தபின், பிற்காலத்தில் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்தே அவ்விதழ் வெளிவந்தது. தீபாவளியை நரகாசுரன் கதையிலிருந்து விடுவித்து, எள்நெய் கண்டறியப்பட்டதோடு தொடர்புடைய பௌத்தர் வழக்காக அயோத்திதாசர் விளக்கினார். அவ்விளக்கத்தின் வரலாற்றுண்மை தனியே ஆராயத்தக்கது. ஆனால் 'நரகாசுரன்' என்னும் தலைப்பின்கீழ்ப் புராணக்கதையை மட்டும் தரும் களஞ்சியம், சுரங்கத் தொழிலாளர் வாசித்து விவாதித்த ஒரு மறுப்பைச் சுவடின்றி அழித்துவிடுகிறது. பட்டியலில் ஒரு வரியாகச் சுருக்கினாலும் நேர்வது அதுவே. அயோத்திதாசர் எழுத்துகளின் பெருந்தொகுப்பு 1999இல் பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மையத்திலிருந்து வந்தது என்பதும் இங்கு எண்ணத்தக்கது.

ஆகவே உருவம் பெரிதா சிறிதா என்பது அளவுகோலாகாது. ஓர் உருவைப் பற்றி ஒன்றிற்கு மேற்பட்ட தரப்பார் வேறுபட்டுப் பேசியுள்ளனரா என்பதே கேட்கத்தக்கது. 'மான்ஸ்டர் மேனுவல்' காட்டும் இராட்சசன் புலித்தலையும் புகைக்குழலுமாக வீற்றிருக்கிறான். கம்பனின் அரக்கரோடு அவனுக்கு உறவு பெயரளவினதே. அவனுக்குத் தனிக்கட்டுரை தேவையில்லை. 'அரக்கர்' என்னும் கட்டுரையில் ஒரு பத்தி தகும். கோபோல்டுக்குத் தனிக்கட்டுரை தகும். அதில் விளையாட்டிற்கு ஒரு பத்தி.

இவ்வளவுகோலிலும் ஓர் இடர் உண்டு. நிறுவனமொன்று விற்கும் புனைவுருவைப் பற்றி இதழ்கள் எழுதும். அது எளிதில் சான்று பெறும். தொழிலாளர் குடியிருப்பின் சிறுதெய்வமோ சுரங்கவாயில் வழக்கோ அச்சேறாமையால் சான்றற்றது எனத் தள்ளப்படும். எழுத்துச் சான்று வேண்டும் என்னும் விதியைத் தளர்த்துவது இதற்கு மாற்றன்று. தளர்த்தினால் கட்டுக்கதையும் உடன் நுழையும். சொன்னவரின் தொழில், இடம், பதிவு செய்த நாள் ஆகியவற்றுடன் களப்பதிவுகளைத் தமிழ்த்துறைகள் முதலில் ஆய்விதழ்களில் அச்சிடவேண்டும். களஞ்சியம் அதன்பின் அவற்றை மேற்கோள் காட்டலாம். சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டன. அன்று இருபத்தைந்து வயதினராய் நிலத்தடியில் இருந்தோர் இன்று ஐம்பதைத் தாண்டியவர். அவர்க்கு முந்திய தலைமுறையின் சொற்களை அறிந்தோர் மிக முதியோர். அவர்தம் மக்கள் பலர் பெங்களூருக்கு நாள்தோறும் இரயிலேறிச் செல்கின்றனர். தந்தையரின் சுரங்கச் சொற்கள் அவர்களுடைய பேச்சில் எவ்வளவு எஞ்சியுள்ளன என்பதிலிருந்து அத்தகைய களப்பதிவைத் தொடங்கலாம்.